நின்று எடுங்கள்: வயதான பிறகு தெருப் புகைப்படம் தொடங்க ஒரு வழிகாட்டி

தெருப் புகைப்படம் என்றதும் பலர் மனதில் வருவது, கேமராவைக் கையில் சுற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து புறப்படும் ஓர் இளைஞர். நாள் முழுக்க நடப்பார், குனிவார், சட்டென்று ஒருவர் முகத்துக்கு நேரே போய் எடுத்துவிட்டு அடுத்த நொடி காணாமல் போய்விடுவார். ஐம்பத்தைந்து, அறுபது வயதில் இந்த ஆசை வந்தவர்கள் அதை நினைத்தே பாதியில் விட்டுவிடுகிறார்கள். முட்டி ஒத்துழைக்காது, கண் பழையபடி இல்லை, இனி நமக்கெதற்கு என்று.

நடந்து எடுப்பது ஒரு வகைதான். நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, தெரு நம்மிடம் வரட்டும் என்று காத்திருப்பது இன்னொரு வகை. பெரிய புகைப்படக் கலைஞர்களே அப்படி வேலை செய்திருக்கிறார்கள். வாக்கர் எவன்ஸ் 1946இல் டெட்ராய்ட் நகரத்தில், ஒட்டுப்பலகை அடித்த ஒரு தடுப்பு பின்னணியாக வரும்படி தெருமுனையில் நின்றுகொண்டு, அந்த வழியே போனவர்களை ஒருவர் பின் ஒருவராக எடுத்தார். ஆந்த்ரே கெர்டெஸ் 1952இல் நியூயார்க்கில் பன்னிரண்டாவது மாடி வீடு ஒன்றுக்குக் குடிபோனார். கீழே தெரிந்த வாஷிங்டன் சதுக்கப் பூங்காவை அங்கிருந்தபடியே பல ஆண்டுகள் எடுத்தார். சால் லைட்டர் தன் வீட்டைச் சுற்றியிருந்த சில தெருக்களை விட்டு அதிகம் நகரவே இல்லை. 1940களிலிருந்து அவர் எடுத்துவந்த வண்ணப்படங்கள் உலகத்துக்குப் பரவலாகத் தெரியவந்தது 2006இல். அப்போது அவருக்கு 82 வயது.

வயதான பிறகு தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான். இடம், கேமரா, அமைப்புகள், ஆட்களிடம் நடந்துகொள்வது எல்லாவற்றையும் அதற்கு ஏற்றபடியே கீழே எழுதியிருக்கிறேன். நாளைக்கு உங்களுக்கு நடந்து எடுக்கத் தோன்றினால் தாராளமாக நடங்கள். நிற்கப் பழகியவர்கள் நடக்கும்போதும் நன்றாகவே எடுக்கிறார்கள்.

முதலில் இடம்

கேமரா வாங்கும் முன்பே இதைச் செய்துவிடலாம். ஒரு வாரம், வழக்கமாகப் போகும் வழிகளில், எதையும் எடுக்காமல் பார்த்துக்கொண்டே போங்கள். போன் பையிலேயே இருக்கட்டும். எடுத்தால் எடுப்பதில்தான் கவனம் போகும், இடம் கண்ணில் படாது.

முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். உயரமான இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, பாலத்துக்கு அடியில், மரங்கள் முடியும் இடத்தில் என்று தெருவில் எங்கோ ஓரிடத்தில் வெயில் ஒரு துண்டாக விழும். சுற்றிலும் நிழல், நடுவில் வெளிச்சம். அந்தத் துண்டுக்குள் யார் காலெடுத்து வைத்தாலும் அவர் தனியாகத் தெரிவார். பின்னால் இருக்கும் குப்பை கூளமெல்லாம் இருட்டில் அடங்கிவிடும். அது எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்கு நகர்ந்து போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும் இளைஞர்களுக்குக் கிடைக்காத வசதி உங்களுக்கு இங்கே உண்டு. வார நாளில் காலை பத்தேகாலுக்கு வெயில் விழுகிறது என்றால் உங்களால் அங்கே போய் நிற்க முடியும். உச்சி வெயிலில் படம் எடுக்கக்கூடாது என்று சொல்வார்கள். முகத்தை அழகாகக் காட்ட வேண்டிய படத்துக்கு அது சரி. தெருவில் உச்சி வெயிலின் கறுத்த நிழல்கள் நல்ல சரக்கு.

அடுத்தது பின்னணி. புதியவர்கள் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை கெடுவது ஆட்களால் அல்ல, அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதால். நிறுத்திவைத்த வண்டி, தலையிலிருந்து முளைத்தது போல ஒரு விளக்குக் கம்பம், பாதி வெட்டுப்பட்ட விளம்பர எழுத்து. எவன்ஸ் வெறும் ஒட்டுப்பலகையைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதன் முன்னால் ஒருவருடைய நடை, சட்டை, தொப்பி, முகச்சுளிப்பு எல்லாம் பளிச்சென்று தெரியும். வெற்றுச் சுவர், மூடிய கடை ஷட்டர், ஒரே நிறத்தில் நீளும் கதவுகள், படிக்கட்டு என எளிமையாக ஏதாவது போதும்.

மூன்றாவது, ஆள் நடமாட்டம். கூட்டம் எவ்வளவு என்பதைவிட அவர்கள் எங்கே வேகம் குறைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். சாலையைக் கடக்கக் காத்திருக்கும் முனை, படிக்கட்டின் முதல் படி, ரயில் நிலைய வாசல், பேருந்து நிறுத்தம். வேகம் குறையும்போதுதான் மனிதர்கள் தலையைச் சொறிவார்கள், பையைக் கை மாற்றுவார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் திரும்புவார்கள். படம் அங்கேதான் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் கூடுதல் வசதி, அங்கே நீங்கள் அரை மணி நேரம் நின்றாலும் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நான்காவது, உட்கார ஒரு திண்டோ பெஞ்சோ. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். பெஞ்சில் உட்கார்ந்தபடியே அந்த இடம் நேராகத் தெரிந்தால் இன்னும் நல்லது. உட்கார்ந்த உயரத்திலிருந்து எடுத்தால் ஆட்கள் கொஞ்சம் நெடிதாகவும், தலைகள் வானத்தை ஒட்டியும் தெரிவார்கள்.

இந்த நான்கும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். வெளிச்சமும் பின்னணியும் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைச் சமாளிக்கலாம். இப்படி மூன்று இடங்களைக் குறித்துவைத்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

கேமரா: கண்ணுக்கும் கைக்கும் ஏற்றது

கையில் இருக்கும் போனே போதும். முதல் இரண்டு மூன்று மாதங்கள் அதிலேயே எடுங்கள். போனின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. லென்ஸின் பார்வைக்குச் சமம் (இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும்); தெருவுக்கு அது நல்ல அகலம். விரலால் பெரிதாக்கி எடுக்காதீர்கள், படத்தின் தரம் போய்விடும். திரையைத் தொட்டு எடுப்பதைவிட ஒலியைக் கூட்டும் பொத்தானைப் படம் எடுக்கும் பொத்தானாக வைத்துக்கொள்வது கைக்கு நல்லது. தொடும்போது போன் ஆடுவதும் குறையும்.

அப்புறம் ஏன் கேமரா வாங்க வேண்டும்? என் கணக்கில் ஒரே வலுவான காரணம் கண். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. தெருவைப் பார்க்க ஒரு கண்ணாடி, பின்பக்கத் திரையைப் பார்க்க இன்னொரு கண்ணாடி என்று மாற்றிக்கொண்டிருப்பதற்குள் படம் நடந்து போய்விடும். வெயிலில் திரை தெரிவதும் சிரமம். வ்யூஃபைண்டர், அதாவது கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல், உள்ள கேமராவில் இந்தத் தொல்லை இல்லை. அதற்குள் தெரியும் காட்சி கண்ணுக்குச் சற்றுத் தொலைவில் இருப்பது போல அமைந்திருப்பதால், படிக்கும் கண்ணாடி தேவைப்படாது.

அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், டயாப்டர் என்று பெயர். கேமரா வாங்கிப் பல மாதம் ஆன பிறகும் அதைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். படமெல்லாம் மங்கலாகத் தெரிகிறது, கேமரா சரியில்லை என்று புலம்புவார்கள். திருத்துவது எளிது. வ்யூஃபைண்டருக்குள் கண்ணை வைத்து, வெளியே உள்ள காட்சியை விட்டுவிட்டு, உள்ளே ஓரத்தில் தெரியும் எண்களைப் பாருங்கள். எண்கள் கூர்மையாகும் வரை சக்கரத்தைத் திருப்புங்கள். அவ்வளவுதான். தூரக் கண்ணாடி போட்டுக்கொண்டு எடுக்கப் போகிறீர்களா, கழற்றிவிட்டா என்பதை முதலிலேயே முடிவு செய்து அதற்கேற்பத் திருப்புங்கள். போட்டுக்கொண்டுதான் என்றால், வாங்கும்போதே கண்ணாடியோடு உள்ளே பார்த்து ஃபிரேமின் நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று சோதியுங்கள். சில கேமராக்களில் தெரியாது.

எடை அடுத்த விஷயம். லென்ஸோடு சேர்த்து அரைக் கிலோவுக்குள் இருந்தால் நல்லது. ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசைக் கேமராக்கள் ஏறக்குறைய அந்த எடை; 35 மி.மீ. பார்வைக்குச் சமமான ஒரே லென்ஸ், நல்ல வ்யூஃபைண்டர். ரிக்கோ ஜிஆர் 3 பேட்டரியோடு 257 கிராம்தான், சட்டைப் பையில் அடங்கும்; ஆனால் அதில் வ்யூஃபைண்டர் கிடையாது, திரையைப் பார்த்தே எடுக்க வேண்டும். கண் நன்றாக இருப்பவர்களுக்கு அது. பழைய மாடல், கைமாறி வந்தது, எதுவானாலும் குறையில்லை. பெரிய ஜூம் லென்ஸ் மட்டும் வேண்டாம். கனம் ஒரு பக்கம். எங்கே நிற்பது என்ற யோசனையையே அது சோம்பேறியாக்கிவிடும்.

ஒரே லென்ஸ், 28, 35, 50 மி.மீ.யில் ஏதாவது ஒன்று. எது என்று ரொம்ப யோசிக்காதீர்கள். ஆட்களிடம் நெருங்கக் கூச்சம் என்றால் 50. லைட்டர் 90, 150 மி.மீ. லென்ஸ்களைக்கூடத் தெருவில் பயன்படுத்தியவர், எனவே அகல லென்ஸ்தான் உண்மையான தெருப் படம் என்று யாராவது வாதாடினால் சிரித்துவிட்டுப் போங்கள்.

கழுத்தில் மாட்டும் பட்டை கழுத்து வலியைக் கொண்டுவரும். மணிக்கட்டுப் பட்டை, அல்லது உடம்புக்குக் குறுக்கே மாட்டும் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

அமைப்புகள்: ஒருமுறை வைத்தால் போதும்

நின்று எடுப்பதில் பெரிய லாபம் இதுதான். இடம் மாறாததால் அமைப்புகளையும் மாற்ற வேண்டியதில்லை. வீட்டிலேயே, நிதானமாக உட்கார்ந்து வைத்துவிட்டுப் போகலாம்.

ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/500 நொடி. நடப்பவரின் கால் உறைந்து நிற்க இது போதும். மெதுவாக நகர்பவர்களுக்கு 1/250 போதும். உங்கள் கை லேசாக நடுங்கினாலும் 1/500 அதையும் மறைத்துவிடும். கேமராவில் உள்ள அதிர்வுத் தடுப்பை நம்பி வேகத்தைக் குறைக்காதீர்கள். அது உங்கள் கை ஆட்டத்தைத்தான் பிடிக்கும், எதிரே நடப்பவரின் காலைப் பிடிக்காது.

அபர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம், எஃப் 8. வெளிச்சத்தைக் கேமரா உணரும் அளவான ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு உச்சவரம்பாக 6400 வையுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தெரியட்டும், தெருப் படத்துக்கு அது குறை இல்லை.

ஃபோகஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தானியங்கி ஃபோகஸ் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் கூட்டத்தில் யார் முகத்தைப் பிடிப்பது என்று அதுவே முடிவு செய்துவிடும். பழைய முறை ஒன்று இருக்கிறது. ஃபோகஸைக் கையால் ஒரு தூரத்தில் நிறுத்திவிட்டு, ஆட்கள் அந்தத் தூரத்துக்கு வரும்போது எடுப்பது. படம் பதியும் சில்லான சென்சார் முழு அளவில் (ஃபுல் ஃபிரேம்) உள்ள கேமராவில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்து 3 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால், சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாமே போதிய அளவு கூர்மையாக விழும். சற்றுச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் அதே பார்வை தரும் 23 மி.மீ. லென்ஸ் என்றால், 2.5 மீட்டரில் நிறுத்துங்கள். ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை கிடைக்கும். மூன்று மீட்டர் என்பது நான்கு எட்டு எடுத்துவைக்கும் தூரம். வீட்டுக் கூடத்தில் நடந்து பார்த்துக் கண்ணில் ஏற்றிக்கொள்ளுங்கள். இப்படி நிறுத்திய பிறகு ஃபோகஸ் என்ற கவலையே கிடையாது. மங்கலான கண்ணும் கூர்மையான படம் எடுக்கும்.

போனில் இதற்குச் சமமானது, வெயில் துண்டு விழும் தரையில் விரலை வைத்து அழுத்திப் பிடிப்பது. ஃபோகஸும் வெளிச்ச அளவும் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

வெயில் துண்டில் எடுக்கும்போது கேமரா நிழலைப் பார்த்து ஏமாந்து படத்தை வெளிறவைக்கும். வெளிச்சத் திருத்தத்தை (எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்) கழித்தல் 1இல் வையுங்கள். போனில் என்றால் பூட்டிய பிறகு விரலைக் கீழே இழுங்கள். நிழல் கறுப்பாகும், வெளிச்சத்தில் நிற்பவரின் தோலும் துணியும் வெளிறாமல் சரியாக வரும்.

நிற்பது எப்படி

போனதும் எடுக்கத் தொடங்காதீர்கள். முதல் பத்து நிமிடம் கேமராவை வெளியே தெரியும்படி கையில் வைத்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். தெருவில் இருப்பவர்கள் ஒருமுறை பார்ப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். மறைத்து மறைத்து எடுப்பவரைத்தான் சந்தேகப்படுவார்கள்.

சரி, வெயில் துண்டு ஒன்று எதிரே நடைபாதையில் விழுந்திருக்கிறது, இரண்டு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் நிழலில் ஒரு பச்சைக் கதவு. முதலில் ஆளே இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கதவு முழுதாக விழுகிறதா, ஓரத்தில் ஏதாவது துருத்துகிறதா, தரைக்கோடு சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து, அரை எட்டு இடமோ வலமோ நகர்ந்து சரிசெய்துகொள்ளுங்கள். இந்த வெற்றுப் படமே பார்க்க நன்றாக இல்லை என்றால், ஆள் வந்தாலும் நன்றாக இருக்காது.

இனி கொக்கு மாதிரி நிற்பதுதான். வலது கண் வ்யூஃபைண்டரில், இடது கண்ணும் திறந்திருக்கட்டும். பக்கவாட்டில் வருபவர் ஃபிரேமுக்குள் வரும் முன்பே இடது கண்ணில் பட்டுவிடுவார். ஒருவர் வருகிறார். வெளிச்சத்தின் விளிம்பைத் தாண்டி முகம் உள்ளே வரும் வரை பொறுங்கள். அதன் பிறகு காலைப் பாருங்கள். இரண்டு கால்களும் நன்றாக அகன்று, முன்காலின் குதிகால் தரையைத் தொடப் போகும் நேரத்தில் அழுத்தினால் நடை நடையாகத் தெரியும். கால்கள் ஒன்றையொன்று தாண்டும்போது அழுத்தினால் ஒற்றைக்காலில் நட்டுவைத்த மாதிரி இருக்கும். ஷட்டருக்கும் விரலுக்கும் நடுவே கொஞ்சம் தாமதம் எப்போதும் உண்டு, வயதானால் கொஞ்சம் கூடவே. அதனால் அகன்ற காலைப் பார்த்த பிறகு அழுத்தாதீர்கள், அகலப் போகிறது என்று தெரியும்போதே அழுத்துங்கள். நூறு பேர் நடந்து போவதற்குள் இந்தத் தாளம் விரலுக்கு வந்துவிடும்.

தொடர்ச்சியாகச் சுடும் வசதியை வைத்து நொடிக்குப் பத்துப் படம் எடுக்கலாமே என்று கேட்பார்கள். எடுக்கலாம், ஆனால் வீட்டுக்குப் போய் ஆயிரம் படத்தை உட்கார்ந்து பார்க்கப் போவதும் நீங்கள்தான். மூன்று மூன்றாக எடுப்பது போதும்.

தனி ஆள் பழகிய பிறகு இரண்டு பேரை முயலுங்கள். எதிரெதிரே வரும் இருவர் வெளிச்சத்தில் சந்திக்கும் நொடி. இங்கே பார்க்க வேண்டியது அவர்களுக்கு இடையே உள்ள சந்து. ஒருவர் தோள் இன்னொருவர் முகத்தை மறைத்தால் படம் போச்சு. இருவருக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தால் படம் உண்டு.

கண்ணருகே கேமராவைத் தூக்கக் கூச்சமாக இருக்கிறதா? திரை மடங்கும் கேமரா என்றால் வயிற்றருகே வைத்துக் குனிந்து பார்த்து எடுக்கலாம். விவியன் மேயரின் தெருப் படங்களில் பலவும் அப்படி மேலிருந்து பார்க்கும் ரோலைஃபிளெக்ஸ் கேமராவில் எடுத்தவை. எதிரே இருப்பவருக்கு, குனிந்திருக்கும் ஒருவர் ஏதோ பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும்.

ஒரு விதியை மட்டும் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். கண் வ்யூஃபைண்டரில் இருக்கும்போது கால் நகரக்கூடாது, முக்கியமாகப் பின்னால். இன்னும் கொஞ்சம் அகலமாக வரட்டும் என்று ஓர் அடி பின்வாங்கி நடைபாதை விளிம்பில் கால் இடறி விழுவது இந்த வேலையில் உண்மையான ஆபத்து. கேமராவை இறக்குங்கள், திரும்பிப் பாருங்கள், நகருங்கள், மறுபடி தூக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தாராளம். அதற்கு மேல் கண்ணும் சோர்ந்துவிடும்.

ஆட்கள், கூச்சம், சட்டம்

நரைத்த தலையைப் பார்த்தால் தெரு கொஞ்சம் இளகும். யாரோ பெரியவர், பொழுதுபோக்குக்கு எடுக்கிறார் என்று விட்டுவிடுவார்கள். இது உண்மையிலேயே வசதி, வீணாக்கக்கூடாத வசதி. இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதையும் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். வயதான ஆண் ஒருவர் பள்ளி வாசலிலோ விளையாட்டு இடத்திலோ குழந்தைகளைத் திரும்பத் திரும்ப எடுத்தால், இளம்பெண்கள் வரும்போது மட்டும் கேமராவைத் தூக்கினால், யாருக்கும் பிடிக்காது. பிடிக்காமல் போவதில் நியாயமும் இருக்கிறது. குழந்தை தனியாக இருந்தால் எடுக்க வேண்டாம். கூடப் பெற்றோர் இருந்தால் கண்ணால் கேட்டுவிட்டு எடுங்கள்.

தெருவில் தூங்குபவர், அழுபவர், மருத்துவமனை வாசலில் நிற்பவர், குடித்துவிட்டு விழுந்திருப்பவர் ஆகியோரையும் விட்டுவிடச் சொல்வேன். புதியவர்கள் கை முதலில் போவது இவர்கள் பக்கம்தான், ஏனென்றால் இவர்கள் நகர மாட்டார்கள், எதிர்க்கவும் மாட்டார்கள். எடுக்காமல் இருக்க அதுவே காரணம்.

யாராவது உங்களைப் பார்த்துவிட்டால் சட்டென்று கேமராவை இறக்கி முகத்தைத் திருப்பாதீர்கள். சிரித்துத் தலையசையுங்கள். பெரும்பாலும் அவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். "இந்த வெளிச்சத்தில் உங்கள் குடை ரொம்ப நன்றாக இருந்தது, அதனால் எடுத்தேன், பாருங்கள்" என்று திரையைக் காட்டினால் பாதிப் பேச்சு முடிந்துவிடும். அழித்துவிடுங்கள் என்று சொன்னால், வாதாடாமல் அவர்கள் கண்முன்னே அழித்துவிடுங்கள். அந்த ஒரு படத்துக்காக, தினமும் நிற்கப் போகும் இடத்தைக் கெடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. எடுப்பது ஒன்று, வெளியிடுவது இன்னொன்று என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பல நாடுகளில் சிக்கல் வருவது இரண்டாவதில்தான். கனடாவின் கியூபெக்கில், கட்டடப் படியில் உட்கார்ந்திருந்த ஓர் இளம்பெண்ணின் படத்தை அனுமதியில்லாமல் கலைப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. 1998இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நியூயார்க்கில் இதற்கு நேர்மாறு. ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற புகைப்படக் கலைஞர் டைம்ஸ் சதுக்கத்தில் ஃபிளாஷ் விளக்குகளை ஓரிடத்தில் பொருத்திவைத்து, தொலைவில் நின்று, கீழே நடந்து போனவர்களை எடுத்தார். அதில் இருந்த ஒருவர் தொடுத்த வழக்கை 2006இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஜெர்மனியில் ஒருவர் உருவத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்ற சட்டம் 1907இலிருந்தே இருக்கிறது, சில விலக்குகளோடு. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையம், வணிக வளாகம் போன்ற இடங்கள் பொது இடம் போலத் தெரிந்தாலும் தனி விதிகள் வைத்திருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே தேர்ந்தெடுக்காதீர்கள். கேமராவிலிருந்து எடுத்து ஒரு கோப்புறையில் போட்டுவிட்டு ஒரு மாதம் விட்டுவிடுங்கள். எடுத்த அன்று நமக்குப் படம் தெரியாது, அதை எடுக்கப் பட்ட பாடுதான் தெரியும். தெருப் புகைப்படக் கலைஞர் கேரி வினோக்ராண்ட், எடுத்த ஃபிலிமைக் கழுவாமலே ஓராண்டுக்கு மேல் வைத்திருப்பாராம், எடுத்தபோது இருந்த உணர்ச்சி மறந்து போகட்டும் என்று. அந்தப் பழக்கத்தை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் அவர் இறந்தபோது சுமார் 2,500 ரோல்கள் கழுவாமலே கிடந்தன.

ஒரு மாதம் கழித்துத் திறந்தால், ஒரே இடத்தில் எடுத்த படங்கள் என்பதால் ஒன்றோடொன்று ஒப்பிடுவது எளிதாக இருக்கும். பச்சைக் கதவின் முன்னால் முப்பது பேர். ஒருவர் முகம் நன்றாக இருக்கிறது, கால் சேர்ந்துவிட்டது. இன்னொருவர் நடை அருமை, கதவின் கைப்பிடி காதில் முளைத்திருக்கிறது. மூன்றாமவர் சாதாரணமாகத்தான் நடக்கிறார், ஆனால் அவர் நிழல் அவருக்கு முன்னாலேயே தரையில் நீண்டிருக்கிறது. வைத்துக்கொள்ள வேண்டியது அந்த மூன்றாவது படம். இப்படி முப்பதில் ஒன்று தேறினாலே நல்ல நாள். டிகோர்சியா டைம்ஸ் சதுக்கத்தில் இரண்டு ஆண்டுகளில் எடுத்தது மூவாயிரத்துக்கும் மேல். காட்சிக்கு வைத்தது 17.

திருத்தம் குறைவாக இருக்கட்டும். சாய்ந்த கோட்டை நிமிர்த்துவது, ஓரத்தை வெட்டுவது, கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டுவது போதும். கண்புரை உள்ளவர்கள் வண்ணத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். புரை வளர வளரக் கண்ணின் லென்ஸ் மஞ்சளடைந்து நீலம் மங்கும். அதைச் சரிசெய்வதாக நினைத்துப் படத்தில் நீலத்தை ஏற்றிவிடுவோம். அறுவைக்குப் பிறகு பார்த்தால் எல்லாம் நீலமாக இருக்கும். வண்ணத்தை இன்னொருவர் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அல்லது கறுப்பு வெள்ளையில் வேலை செய்யுங்கள்.

படங்களை ஆண்டு, மாதம், இடம் என்று பெயரிட்டு இரண்டு இடங்களில் சேமித்துவையுங்கள். கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். விவியன் மேயர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தும் யாருக்கும் காட்டாமல் பெட்டிகளில் வைத்திருந்தார். கிடங்கு வாடகை கட்டாததால் அந்தப் பெட்டிகள் 2007இல் ஏலத்துக்குப் போன பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. எல்லாப் பெட்டிக்கும் அந்த மாதிரி யோகம் அமையாது. மாதம் ஒரு படத்தையாவது காகிதத்தில் அச்சிட்டு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

சில மாதங்களில் அந்த இடம் சலிக்கும். உடனே இடத்தை மாற்றாதீர்கள், முதலில் நேரத்தை மாற்றுங்கள். காலையில் நின்றால் மாலையில் போங்கள், வெயிலில் நின்றால் மழை ஓய்ந்த ஈரத் தரைக்காகப் போங்கள். அடுத்து எதிர்ப்பக்கத்துக்குப் போய் வெளிச்சத்தை நோக்கி எடுங்கள். ஆட்கள் வெறும் கறுத்த உருவங்களாக, விளிம்பில் மட்டும் ஒளிக்கோடோடு வருவார்கள். ஆளில்லாத படங்களும் முயன்று பார்க்கலாம். எவன்ஸ் 1973இல், எழுபதை நெருங்கும் வயதில், உடல் தளர்ந்திருந்தபோது, போலராய்டு எஸ்எக்ஸ்-70 என்ற புது உடனடிக் கேமராவைக் கையில் எடுத்துத் தெருவில் கிடந்த எழுத்துகளையும் பலகைகளையும் நெருங்கி நெருங்கி எடுத்தார். இதெல்லாம் செய்தும் சலிப்பு போகவில்லை என்றால், குறித்துவைத்த இரண்டாவது இடத்துக்குப் போங்கள். முதல் இடம் வெயில் துண்டு என்றால், இரண்டாவதாக நாள் முழுக்க நிழலாக இருக்கும் ஒரு படிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் காப்பாற்றாத இடத்தில் கை, கண், நடை இவற்றை மட்டுமே வைத்துப் படம் எடுக்க வேண்டியிருக்கும். ஷட்டரை 1/250க்கு இறக்கினால் ஐஎஸ்ஓ அடங்கியிருக்கும்.